தஞ்சோங் காராங் குடும்பம்

அக்காள் எழுதிக் கொடுத்த கேள்விகள் பதினொன்று. கோடு போட்ட நோட்டின் முதல் பக்கத்தில் வரிசையாக இருந்தன. குடிப்பானா, சீட்டாடுவானா, தாயைக் கவனித்துக்கொள்கிறானா என்று ஒன்பது கேள்விகள் நீல மையில். பத்தாவது மட்டும் சிவப்பு மையில்: 'அங்கே வேறு குடும்பம் ஏதாவது உண்டா?' மலேசியாவில் இருக்கும் ஆண்களுக்கு அங்கே ஒரு குடும்பம் இருக்கும் என்பது எங்கள் அறந்தாங்கியில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எப்படித் தெரியும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. பதினொன்றாவது, பையனுக்கு முன்வழுக்கை உண்டா என்பது.

அக்காள் மகள் செல்விக்கு அப்போது இருபத்தேழு வயது. அதற்கு முன் இரண்டு வரன்கள் கைகூடி வரும் நேரத்தில் கலைந்துபோயிருந்தன. தேரோட்டத்தன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்றவள் ஒருமுறை மயங்கி விழுந்தாள். அந்தச் செய்தி பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் வலிப்பு நோயாகிவிட்டது. பார்த்தவர் ஒருவரும் இல்லை, சொல்லாதவரும் ஒருவர் இல்லை. இனிமேல் வரனே வராது என்று அக்காள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தபோதுதான் கோல சிலாங்கூரிலிருந்து மூன்றாவது வரன் வந்தது. பையன் பெயர் குணசேகரன். எஸ்டேட் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. தாத்தா காலத்தில் எங்கள் பக்கத்திலிருந்து கப்பலேறிய குடும்பம். எங்கள் கையில் இருந்தது ஒரு போட்டோவும் இரண்டு கடிதங்களும்.

அத்தான் இல்லாத வீடு. ஆகவே தாய்மாமன் நான் நேரில் போய் விசாரித்து வருவதென்று முடிவாயிற்று. முன்சீப் கோர்ட்டில் இருபத்திரண்டு வருஷம் பெஞ்ச் கிளார்க்காகக் குப்பை கொட்டியவன் நான். சாட்சி வாயைத் திறக்கும்போதே பொய்யா நிஜமா என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கொரு எண்ணம். 'கண்ணால் பார்த்தீரா, காதால் கேட்டீரா?' என்பது வீட்டில் பால்காரரிடம்கூட நான் கேட்கும் கேள்வி. புறப்படும்போது செல்வி என் பையில் நார்த்தங்காய் ஊறுகாயை வைத்துவிட்டு, "நீங்க என்ன சொல்றீங்களோ அதான் மாமா" என்றாள். அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை கிள்ளானிலிருந்து கடலோரமாகப் பஸ். வழியெங்கும் செம்பனை. நம் பனையை யாரோ தலையில் தட்டிக் குட்டையாக்கியதுபோல இருக்கிறது அந்த மரம். ஜெராம் வந்தபோது பஸ்ஸின் பின்சக்கரம் வெடித்து, வண்டி சாலையோரச் சாக்கடைக்குள் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. யாருக்கும் காயமில்லை. கருவாட்டு வாடை வீசும் காற்றில் எல்லோரும் இறங்கி நின்றோம். ஆளாளுக்குப் பேனாவும் காகிதமுமாகப் பஸ்ஸைச் சுற்றி வந்தார்கள். கம்பெனிமேல் புகார் எழுதுகிறார்கள், எவ்வளவு பொறுப்பான ஜனங்கள் என்று மெச்சிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள்தான் விளக்கினார். விபத்தான வண்டியின் நம்பர் லாட்டரியில் விழுமாம்.

"விழுந்து பார்த்திருக்கிறீர்களா?" என்றேன்.

"எங்க வீட்டுக்காரரோட கூட்டாளிக்கு அடிச்சிச்சாம் லா" என்றார். இங்கே எந்தப் பேச்சுக்கும் வாலாக ஒரு 'லா' சேர்த்துக்கொள்கிறார்கள்.

நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அந்த அம்மாள் கேட்டார். சொன்னேன். எந்தத் தோட்டம் என்றார். ஏழாங்கட்டைத் தோட்டம் என்றேன். இங்கே மைல்கல்லைக் கட்டை என்கிறார்கள். "அந்தத் தோட்டத்துக் கிராணியா? தங்கமான புள்ளையா இருக்கும், கண்ண மூடிக்கிட்டுக் குடுங்க" என்றார். அவர் அந்தத் தோட்டத்துக்குள் போனதே கிடையாது என்பது இரண்டாவது கேள்வியில் தெரிந்துவிட்டது. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

கோல சிலாங்கூரில் தங்கியது காதர் பாயின் சாப்பாட்டுக் கடை மாடியில். அம்மாபட்டினத்துக்காரர். எங்கள் ஊர்ச் சந்தையை என்னைவிட நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். கடையில் ரொட்டி சானாய் போடுகிறவர் மாவைத் துணி உதறுவதுபோல வீசி விரிக்கிற அழகை நின்று பார்க்கலாம். தேநீரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயை ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு போகிறார்கள். நம் ஊரில் டம்ளர் கழுவுகிற தகராறு இதனால் தீர்ந்துபோகும் என்று நோட்டில் எழுதிவைத்தேன்.

மறுநாள் காலை பாயிடம் விசாரணையைத் தொடங்கினேன். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. டீக்கடை, சலூன், சலவைக்காரர் என்று மூன்று இடம். அங்கே கேட்கிறவரும் பதில் சொல்கிறவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தினம் பத்துப் பேர் வந்து கேட்கிற கேள்விதான். பத்தாவது கேள்விக்கு வந்தேன். வேறு குடும்பம், கிடும்பம் ஏதாவது?

"அப்படி ஒண்ணும் கேள்விப்படலண்ணே. நல்ல மாதிரி. ஞாயித்துக்கெழமையானா மோட்டார எடுத்துக்கிட்டுத் தஞ்சோங் காராங் பக்கம் போவாப்ல."

"எதற்கு?"

"அது தெரியாது. ஏன்ண்ணே, ஏதாச்சும் விஷயமா?"

தஞ்சோங் காராங் என்று எழுதி அடிக்கோடிட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கோர்ட்டில் கட்சிக்காரர்கள் தீர்ப்பைப் பற்றித் துருவும்போது நான் வழக்கமாகச் சொல்வதையே அவரிடமும் சொன்னேன். "இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை."

அன்று மலைமேல் ஏறிக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறக் குரங்குகள் வால் தரையில் புரள வந்து மரியாதையாகக் கையை நீட்டின. எங்கள் ஊர்க் குரங்குகளுக்குக் கேட்டு வாங்கும் வழக்கம் இல்லை.

புதன்கிழமை தோட்டத்துக்குப் போனேன். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளை ஒட்டி, தனியாக இரண்டு அறையுள்ள பலகை வீடு. குணசேகரன் போட்டோவில் இருந்ததைவிடக் கறுப்பு. முன்வழுக்கை இல்லை. அதிகம் பேசவில்லை. நான் கைகழுவ எழுந்தபோது எனக்கு முன்னால் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். அவன் தாயார் அஞ்சலையம்மாள் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். நண்டுக் குழம்பும் கங்கோங் கீரைப் பொரியலும் செய்திருந்தார். கங்கோங் என்பது நம் வள்ளல்கீரைதான். எங்கள் ஊரில் குளத்தில் மாடு மேய்கிற கீரை, இங்கே சம்பால் என்கிற மிளகாய் விழுதில் புரண்டு ராஜபோகமாக இருந்தது. அந்த அம்மாள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பொண்ணு நல்லா சோறு திங்குமா தம்பி?"

"நன்றாகச் சாப்பிடுவாள்."

"அது போதும்."

என்னிடம் பதினொரு கேள்விகள் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட நான் குணசேகரனிடம் கேட்கவில்லை. கட்சிக்காரன் தன்னைப் பற்றித் தானே சொல்வது சாட்சியம் ஆகாது என்பது என் கட்சி.

வியாழக்கிழமை சலூனில் முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே நாவிதர் குனிந்து காதோடு சொன்னார்: "கிராணி விஷயமாத்தானே சார் வந்திருக்கீங்க? தஞ்சோங் காராங்ல ஒரு பொம்பள இருக்கு." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கத்தி கழுத்தில் இருந்ததால் அசையவில்லை.

அன்று மாலை தோட்டத்துக் கள்ளுக்கடைப் பக்கம் போய், ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் இன்னும் விவரமாகச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள். பையன் ஒன்றாம் வகுப்பு, பெண்ணுக்கு மூன்று வயது. திரும்பும் வழியில், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர் தானாகவே சைக்கிளை நிறுத்தினார். பெண் குழந்தை அப்படியே குணாவின் மூக்கு என்றார்.

மூன்று சாட்சிகள். மூன்று வெவ்வேறு இடம். ஒருவருக்கும் மற்றவருக்கும் பேச்சில் முரண் இல்லை. எங்கள் கோர்ட்டில் இதைவிடக் குறைந்த சாட்சியத்துக்கு ஆள் நிலத்தை இழந்திருக்கிறான். ராத்திரி தூக்கம் வரவில்லை. செல்வி ஊறுகாய் கட்டிக் கொடுத்த முகம் நினைவுக்கு வந்தது. குழாயைத் திறந்துவிட்ட அந்தப் பயலை ஓங்கி அறையவேண்டும்போல ஆத்திரம் வந்தது.

வெள்ளிக்கிழமை தபால் ஆபீஸ் போய் அக்காளுக்குத் தந்தி கொடுத்தேன். பையனுக்கு இங்கே குடும்பம் இருக்கிறது, ஏற்பாட்டை நிறுத்து. கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் வார்த்தைகளை எண்ணிவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

தீர்ப்புச் சொன்ன பிறகுதான் ஒன்று உறைத்தது. கண்ணால் பார்த்தீரா என்று நான் யாரையுமே கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. பரவாயில்லை, நானே போய்ப் பார்த்துவிட்டால் ஆயிற்று என்று ஞாயிற்றுக்கிழமை தஞ்சோங் காராங் பஸ் ஏறினேன். எனக்கு முன் சீட்டில் இரண்டு மலாய்க்காரர்கள் கைகளை அகல விரித்துக் காட்டிக் காரசாரமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். பக்கத்திலிருந்த லாரி டிரைவர் எனக்குத் தமிழில் சொன்னார். ஆற்றில் முதலை வந்ததாம். ஒருவர் பன்னிரண்டு அடி என்கிறார், மற்றவர் பதினெட்டு அடி என்கிறார். "ரெண்டு பேருமே பாக்கல லா" என்று முடித்தார்.

தஞ்சோங் காராங்கில் இறங்கினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல். கோடுபோட்டு வெட்டிய வாய்க்கால்களில் கரை தொட்டுத் தண்ணீர். ஏரியில் மண் வெடித்துக் கிடக்கும் ஊரிலிருந்து வந்தவனுக்கு வயிறெரிந்தது. சாலையோரத்தில் வாழைப்பழம் பொரித்து விற்றுக்கொண்டிருந்த மலாய் அம்மாளிடம் போட்டோவைக் காட்டினேன். அவர் பார்த்ததும் சிரித்தார். அவர் ஒரு கையை நீட்டி, மணிக்கட்டை வெடுக்கென்று சுண்டி, வாய்க்கால் பக்கம் காட்டினார். புரியவில்லை. பொரித்த பழம் நாலைக் காகிதத்தில் சுற்றி, அவனுக்கும் சேர்த்துக் கொடு என்பதுபோல என் கையில் திணித்தார்.

வாய்க்கால் கரையோரமாகக் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தேன். அரை மைல் தள்ளி ஒரு மதகடியில் குணசேகரன் தனியாக உட்கார்ந்திருந்தான். கையில் தூண்டில். பக்கத்தில் வாளி, ஒரு பை தேநீர், மடித்துவைத்த சட்டை. பெண்ணும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஒரு மணி நேரம் வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒரு கொக்கு வந்தது, போனது. எனக்குக் கால் மரத்துப்போயிற்று.

"வெயில்ல நிக்காதீங்க மாமா, இங்க நெழலா இருக்கு. இன்னொரு தூண்டி இருக்கு" என்றான் அவன், திரும்பிப் பார்க்காமலே.

போய் உட்கார்ந்தேன். பழப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தேன். கடைசியில் அவனே தொடங்கினான். வியாழக்கிழமையே அவன் காதுக்கு வந்துவிட்டதாம்.

"வந்ததும் ஏன் மறுக்கவில்லை?" என்றேன்.

"இல்லன்னு சொன்னா, எதுக்கு இல்லங்கறான்னு அதுக்கு ஒரு கத வரும். நீங்க பெரியவரு, நேரா என்னக் கேப்பீங்கன்னு இருந்தேன்."

அவன் கொடுத்த தூண்டிலை வாங்கித் தண்ணீரில் போட்டேன்.

"ஜனங்க பேசறதப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல மாமா. எங்கம்மாவும் நம்பிட்டாங்க. ரெண்டு நாள் அழுதாங்க. நேத்து பசார்ல போயி ஒரு சட்ட வாங்கியாந்துட்டாங்க, மூணு வயசுப் புள்ளைக்கு. எவளா இருந்தா என்ன, புள்ள நம்ம புள்ளதானே, கூட்டியான்னு நிக்கிறாங்க."

அவன் சிரிக்க முயன்றான், முடியவில்லை. தூண்டில் கம்பைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். அன்று எங்கள் இருவருக்கும் ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை சாட்சிகளைத் திரும்ப அழைத்தேன். டிரெசர், கண்ணால் பார்க்கவில்லை, மண்டோர் சொன்னார் என்றார். மூக்கு? "அப்பன் மூக்கு வராம யாரு மூக்கு வரும் சார்?" மண்டோர், காலையில் ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் எல்லோருமே பேசிக்கொண்டார்கள் என்றார். முதலில் பேசியது யார் என்று விடாமல் கேட்டேன். சலூனுக்குப் போய்வந்த ஒருவர். பிள்ளைகள்? "வருஷக்கணக்கா ஞாயிறு தவறாமப் போறாரு, புள்ள இல்லாமலா இருக்கும்?" நாவிதரைப் பிடித்தேன். காதர் பாய் கடையில் பேசிக்கொண்டார்கள் என்றார்.

கடைக்கு வந்து பாயை உட்காரவைத்தேன். "பாய், தஞ்சோங் காராங்கில் பெண் இருக்கிறதாக உங்களுக்கு யார் சொன்னது?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீங்கதானண்ணே."

"நானா?"

"வேற குடும்பம் இருக்கான்னு நீங்கதானே கேட்டீங்க. ஞாயித்துக்கெழம போவாப்லன்னேன், சட்டுனு எழுதிக்கிட்டீங்க. விஷயமான்னு கேட்டா, சொல்றதுக்கில்லன்னுட்டீங்க. கோர்ட்டு ஆளு, கடல் தாண்டி வந்து ஒரு மனுஷன் நோட்டுப் போட்டு விசாரிக்கிறாருன்னா சும்மாவா இருக்கும்? நான் யாருகிட்டயும் கூட்டிச் சொல்லலண்ணே. நீங்க கேட்டதத்தான் சொன்னேன்."

எதிரில் தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது. மூன்று சாட்சிகளும் மொண்டு வந்தது என் வாயிலிருந்துதான். அதை நானே வாங்கிக் குடித்து, தந்தியாக ஊருக்கும் அனுப்பியிருக்கிறேன். தேரோட்டத்தன்று செல்வியை வலிப்புக்காரி ஆக்கிய பஸ் ஸ்டாண்டு ஆட்களை வருஷக்கணக்காகத் திட்டியவன் நான்.

தபால் ஆபீஸுக்கு ஓடினேன். முந்தைய தந்தி தவறு, பையன் நல்லவன். "அங்கிள், வெள்ளிக்கெழம நீங்கதானே குடுத்தீங்க? இப்ப எத லா நம்பறது?" என்றாள் அந்தப் பெண். மனதில் பட்டதைத்தான் கேட்டாள்.

அங்கிருந்து தோட்டத்துக்குப் போனேன். நடந்ததை மறைக்காமல் அஞ்சலையம்மாளிடம் சொன்னேன். எல்லாம் என் கேள்வியால் வந்த வினை, பெண்ணும் இல்லை, பிள்ளைகளும் இல்லை, மன்னித்துவிடுங்கள் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மடியில் மஞ்சள் சட்டை இருந்தது. பையில் வாத்துப் படம் தைத்த சின்னச் சட்டை. வாத்தின் மேலேயே விரலை வைத்திருந்தவர், வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நல்லா விசாரிச்சீங்களா தம்பி? புள்ள இல்லவே இல்லையா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் சட்டையை நாலாக மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்றார்.

ஊர் திரும்பியபோது இரண்டு தந்திகளும் அக்காள் வீட்டு மாடத்தில் இருந்தன. அவள் முதலாவதைத்தான் நம்பினாள். "மொதல்ல மனசுல பட்டதச் சொன்ன. அப்புறம் அவுக சோத்தப் போட்டு ஒன்ன மயக்கிப்புட்டாக" என்றாள். நோட்டைக் காட்டினேன், சாட்சிகளை ஒவ்வொருவராக விவரித்தேன், பத்தாவது கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். பலனில்லை. ஒன்றுமில்லாமலா அத்தனை பேர் சொல்லுவார்கள் என்பதிலேயே நின்றாள். பஸ் ஸ்டாண்டு சலூனில் அதற்குள் பிள்ளைகள் மூன்றாகியிருந்தன.

செல்வி மட்டும் கதவோரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அக்காள் உள்ளே போனதும் என்னிடம் வந்தாள்.

"வேலிக்குப் பின்னாடி நின்னு வேவு பாத்தீங்களே மாமா, அவரு கோவப்படலையா?"

"இல்லை. நிழலுக்கு வரச் சொன்னான். தூண்டில் கொடுத்தான்."

"அந்தச் சட்டைய அவங்கம்மா என்ன பண்ணாங்க?"

"மடித்து வைத்திருக்கிறார்கள்."

"நான் அந்த வீட்டுக்கே போறேன் மாமா, அம்மாகிட்டச் சொல்லிடுங்க" என்றாள். ஒரு தூண்டில், ஒரு சட்டை. கோர்ட்டில் இதைச் சாட்சியமாக யாராவது நீட்டினால் நானே எழுந்து சிரித்திருப்பேன். அன்று சிரிக்கவில்லை. அக்காளிடம் போய்ச் சண்டை போட்டேன், இரண்டு மாதம் போட்டேன். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

போன மாதம் செல்வியின் கடிதம் வந்தது. மகளுக்கு மூன்று வயது முடிந்து மஞ்சள் சட்டை அளவாக இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் கரைக்கு மூன்று பேருமாகப் போகிறார்களாம். மீன் கிடைப்பது அபூர்வமாம். கடைசிப் பக்கத்தில் ஓரமாக நெருக்கி எழுதியிருந்தாள்:

'மாமா, இங்கே தோட்டத்தில் இன்னமும் சில பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தஞ்சோங் காராங்கில் இருக்கிறவர்கள் சௌக்கியமா என்று கேட்கிறார்கள். அப்படி யாரும் இல்லை என்று இரண்டு வருஷம் சொல்லிப் பார்த்தேன். ஐயோ பாவம் என்று என் தலையைத் தடவிவிட்டுப் போகிறார்கள். அதனால் இப்போதெல்லாம் சௌக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். பையன் ஆறாவது படிக்கிறானாம்.'